காலம் சரியில்லை

அருப்புக்கோட்டை
9 ஜூன் 2025

முனீஸ்வரிக்கு,

உன் நம்பரை நான் ப்ளாக் பண்ணி மூன்று வருஷம் ஆகிறது. எடுத்துவிட்டுப் பேசலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். மனசு வரவில்லை. மெயிலை ப்ளாக் பண்ண எனக்கு அப்போது தெரியாது, அதனால் இந்த ஒரு வழி திறந்து கிடக்கிறது. நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன். தெரிந்தவர் வேறு யாராவது இருந்திருந்தால் உன்னிடம் வந்திருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் சௌமித்ராவுக்கு இப்போது நாலு வயது. மித்து என்று கூப்பிடுகிறோம். அவளுக்குத் தலசீமியா என்பது உனக்குத் தெரியும். அதைக் கேட்டதும் போனில் நீ என்ன சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். "ஏண்டி, சொந்தத்துல கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திருக்கக் கூடாதா?" அத்தை மகனைக் கட்டியவளிடம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதவளிடம் கேட்கிற கேள்வியா அது? போகட்டும். அதற்கு இப்போது வரவில்லை.

மித்துவின் உடம்பில் நல்ல ரத்தம் தானாக ஊறாது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்குக் கூட்டிப்போய் ஏற்ற வேண்டும். பி நெகட்டிவ், லேசில் கிடைக்காத வகை. ஒருவர் ஒரு தடவை கொடுத்தால் அடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் கொடுக்கலாம். இங்கே ஜெராக்ஸ் கடை ராமசுப்பு அண்ணாச்சி ஒரு ரத்ததானக் குழு நடத்துகிறார். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கொடுக்கிறவர்களின் விவரம் ஒரு எக்செல் ஷீட்டில் கிடக்கிறது. யார் கடைசியாக எப்போது கொடுத்தார் என்பது மட்டும் அதில் இல்லை. போன தடவை வரிசையாகப் போன் போட்டேன். ஒருவர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். ஒருவர் இறந்தே போயிருக்கிறார், அவர் மனைவி போனை எடுத்து அழுதார். மறுநாள்தான் ரத்தம் கிடைத்தது. அதுவரை பிள்ளை உதடு வெளுத்துக் கட்டிலில் கிடந்தாள். அப்படி ஒரு நாள் இனி எனக்கு வேண்டாம்.

அதனால் அவர் கடைக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஒரு டேட்டாபேஸ் டேபிள் போட உட்கார்ந்தேன். பி.சி.ஏ. லேபில் நீ டைப் அடிப்பாய், உனக்கும் சேர்த்து ரெக்கார்டு நோட்டை நான் எழுதுவேன். எழுதியதெல்லாம் கைக்கு நினைவிருக்கிறது, அடித்தால் வரவில்லை.

group VARCHAR(5),

இந்த வரியில் சின்டாக்ஸ் எரர் என்கிறது. எழுத்துப் பிழை இல்லை, பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. இந்தக் காலத்தில், column-ஐத்தான் சொல்கிறேன், என்ன தப்பு? பழைய எக்செல் ஷீட்டையும் இணைத்திருக்கிறேன். இன்னும் என்னென்ன காலம் வேண்டும் என்று பார்த்துச் சொல்.

காளீஸ்வரி

சென்னை
10 ஜூன் 2025

காளீஸ்வரிக்கு,

நலம் விசாரிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். சரி, நானும் விசாரிக்கவில்லை.

group என்பது டேட்டாபேஸ் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட சொல், ஒரு கட்டளை. அதையே காலத்துக்குப் பெயராக வைத்தால், நீ பெயர் சொல்கிறாயா வேலை ஏவுகிறாயா என்று அதற்குப் புரியாது. பிள்ளைக்கு 'உட்காரு' என்று பெயர் வைத்துவிட்டு, "உட்காரு, எந்திரி" என்றால் அது என்ன செய்யும்? blood_group என்று மாற்று. நடுவில் இடம் விடாதே, அடிக்கோடு போடு. கடைசியாகக் கொடுத்த தேதிக்கு last_given என்று ஒரு காலம் சேர்.

இன்னும் பிழை வரும். ஒன்றைத் தீர்த்தால்தான் அடுத்தது கண்ணில் படும். வந்தால் எழுது. வாட்சப்பில் அனுப்பாதே. அனுப்பவும் முடியாது, நீதான் கதவைச் சாத்தியிருக்கிறாயே. அதுவும் ஒருவகையில் நல்லதுதான், போனில் அடித்தால் மேற்கோள் குறி வளைந்து போய் அதுவே தனிப் பிழையாகும்.

மித்து என்ற பெயர் நன்றாக இருக்கிறது. அவள் போட்டோவை நான் பார்த்ததில்லை. இது நலம் விசாரிப்பு இல்லை, தகவல்.

முனீஸ்வரி

அருப்புக்கோட்டை
13 ஜூன் 2025

முனீஸ்வரிக்கு,

group சரியாகிவிட்டது. நன்றி. வாய்விட்டுச் சொல்ல வேண்டியது, சொல்லிவிட்டேன்.

அடுத்த பிழைக்கு முன்னால் ஒரு கூத்தைக் கேள். நேற்று அத்தை, அதாவது என் மாமியார், மித்துவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் திரையைப் பார்த்து, "காலம் சரியில்ல, எல்லாம் இந்தக் காலத்தால வந்த வினை" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியும் பக்கத்தில் நின்று, "ஆமாம்மா, ஒவ்வொரு காலமாப் பாருங்க, எதுல கோளாறுன்னு தெரிஞ்சிரும்" என்றார். அத்தை அப்படியே திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து அம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட்டிருக்கிறார். மருமகளுக்கே காலம் சரியில்லை என்று தெரிந்துவிட்டதாம், பரிகாரம் செய்யாமல் இருக்கலாமா என்று கேட்கிறார். கம்ப்யூட்டர் காலம் வேறு, சனி பிடிக்கிற காலம் வேறு என்று கன்னடத்தில் விளக்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. வீட்டில் பேசுவது கன்னடம், அதில் கம்ப்யூட்டர் இன்னும் குடிவரவில்லை.

விளக்குப் போட்டும் பிழை போகவில்லை. இதுதான் நான் அடித்தது:

name VARCHAR(50) PRIMARY KEY,
village VARCHAR(40),
blood_group VARCHAR(5),
phone INT,
last_given DATE,
);

கடைசி வரியில் எரர் என்கிறது. அங்கே இருப்பது ஒரு அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும்தான். அதில் என்ன தப்பு வரும்?

காளீஸ்வரி

சென்னை
13 ஜூன் 2025

காளீஸ்வரிக்கு,

ஆபீசில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். உன் மாமியாருக்கு என் வணக்கம். டேட்டாபேஸ் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், எலுமிச்சம்பழ விளக்கு நாங்கள் முயன்று பார்க்காத ஒன்று.

அடைப்புக்குறியில் தப்பு இல்லை. இந்த இயந்திரம் தப்பு நடந்த இடத்தைச் சொல்லாது, தான் தடுக்கி விழுந்த இடத்தைத்தான் சொல்லும். அது காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் முந்தின வரியைப் பார். last_given DATE என்பதற்குப் பின்னால் ஒரு கமா போட்டிருக்கிறாய். கமா போட்டால் இன்னும் ஒரு காலம் வருகிறது என்று அர்த்தம். அதை நம்பிக் காத்திருந்தால் அடைப்புக்குறி வந்து நிற்கிறது. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டுச் சோறு இல்லை என்றால் கோபம் வராதா?

உனக்கு இது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். முகவரி எழுதுகிற பழக்கம். பெயருக்குக் கமா, தெருவுக்குக் கமா, ஊருக்குக் கமா, பின்கோடுக்கும் கமா போட்டு நிறுத்துகிறவள் நீ. என் ரெக்கார்டு நோட்டு முழுக்க வரிக்கு வரி அழகாகக் கமா போட்டு வைத்திருந்தாய். மேடம் சிவப்பு மையில் சுழித்துச் சுழித்து என் மார்க்கைக் குறைத்தார்கள். அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்லியாயிற்று.

கடைசி வரிக்குக் கமா இல்லை. எடுத்துவிடு.

முனி

அருப்புக்கோட்டை
16 ஜூன் 2025

முனி,

கமாவை எடுத்தேன். டேபிள் உருவாகிவிட்டது! அண்ணாச்சி கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டே குடித்தார்கள். மார்க் குறைந்தது எனக்குத் தெரியாது. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

ஆனால் ஆட்களை ஏற்றும்போது ஒரு தடங்கல். இருளப்பசாமி என்று ஒருவரை ஏற்றினேன், போனது. அடுத்து இன்னொரு இருளப்பசாமி. ஏற்கெனவே இருக்கிறார், எடுக்க மாட்டேன் என்கிறது. ஊர் வேறு, ரத்தவகை வேறு, ஆளே வேறு. பெயரை PRIMARY KEY, அதாவது இரண்டு பேருக்கு ஒன்றாக வரக் கூடாத அடையாளம், என்று வைத்தது நான்தான். நம்பர் மாறும், ஊர் மாறும், பெயர் மாறாதே என்று நினைத்தேன். என்ன செய்ய?

காளி

சென்னை
17 ஜூன் 2025

காளி,

நெசவுக்காரத் தெருவில் பிறந்தவளுக்குக் கரிசல்காட்டுச் சங்கதி எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் குலசாமி பெயரைத்தான் வைப்போம். நரிக்குடி பஸ்ஸ்டாப்பில் நின்று "ஏலே இருளப்பசாமி" என்று ஒரு சத்தம் கொடு, பஸ்ஸிலிருந்து ஒருவர் எட்டிப்பார்ப்பார், டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வருவார்கள், ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து "என்னப்பு?" என்பார். என் பெரியப்பா மகனும் இருளப்பசாமிதான். எங்கள் வீட்டில் 'லாரி இருளப்பன்' என்றால்தான் அவரைக் குறிக்கும். இந்தப் பக்கத்து ஆட்களை வைத்துக்கொண்டு பெயரை PRIMARY KEY ஆக்கியவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

முதல் வரியில் id INT AUTO_INCREMENT PRIMARY KEY என்று சேர். பெயரின் பின்னால் இருக்கும் PRIMARY KEY-யை எடுத்துவிடு. ஆளுக்கு ஒரு எண் தானாக விழும், எத்தனை இருளப்பசாமி வந்தாலும் இடம் உண்டு. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. தைரியமாக ஏற்று.

முனி

அருப்புக்கோட்டை
25 ஜூன் 2025

முனி,

எல்லோரையும் ஷீட்டிலிருந்து மொத்தமாக ஏற்றிவிட்டேன். கடைசியாகக் கொடுத்த தேதிகளை அண்ணாச்சியிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். பி நெகட்டிவ் என்று கேட்டால் பி நெகட்டிவ் மட்டும் வருகிறது. மூன்று மாதம் முடிந்தவர்கள் மட்டும் என்றால் அதுவும் வருகிறது. பெயரையும் தேதியையும் பார்த்துப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. குழப்படியான பழைய ஷீட்டைக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துத் தலை முழுகிவிட்டேன்.

நன்றி என்பது சின்னச் சொல். ராத்திரி படுக்கும்போது அடுத்த தடவை என்ன செய்வேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது அது இல்லை. அந்தத் தூக்கம் நீ கொடுத்தது.

மித்து போட்டோ இணைத்திருக்கிறேன். ரத்தம் ஏற்றிய மறுநாள் எடுத்தது, அதனால் கன்னத்தில் செம்மை தெரியும். கையில் இருப்பது தறிக்கட்டை, அதைத்தான் பொம்மை என்று வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ப்ளாக்கை இன்னும் எடுக்கவில்லை. அதை அப்புறம் பார்க்கலாம்.

காளி

மதுரை
10 ஜூலை 2025

முனி ப்ளாக் எடுத்துட்டேன் கூப்பிட்டேன் நீ எடுக்கல. மித்துவுக்குக் காய்ச்சல், ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருச்சு, இன்னைக்கே ஏத்தணும்ங்கிறாக. இங்க பி நெகட்டிவ் இருப்பு இல்ல. அண்ணாச்சி டேபிளைத் திறந்து பார்த்துட்டு "என்னம்மா, ஊருக்கே ஒரே போன் நம்பரு காட்டுது"ங்கிறாரு. எல்லார் பேருக்கும் 2147483647. ஒருத்தர் நம்பர் கூட இல்ல முனி

சென்னை
10 ஜூலை 2025

காளி, மீட்டிங்கில் இருந்தேன், போன் வெளியே. இப்போதுதான் திரையில் பார்த்தேன். நீ முதல் மெயிலில் அனுப்பிய எக்செல் ஷீட் என்னிடம் அப்படியே இருக்கிறது. நம்பரெல்லாம் அதில் இருக்கிறது. நீ பிள்ளையிடம் இரு. போன் போடுவது என் வேலை. யாரிடமும் ஒன்றும் கேட்காதே, அழாதே, ஆள் வரும்.

சென்னை
12 ஜூலை 2025

காளி,

மித்து கண் விழித்து இட்லி கேட்டாள் என்று நேற்று நீ சொன்னதும் நான் போனை வைத்துவிட்டேனே, கோபமில்லை. வைத்துவிட்டு அழுதேன். போனில் பேசித்தான் நமக்குள் சண்டை வந்தது, எழுத்தில் என்றால் திருத்தி அனுப்பலாம். அதனால் மெயிலிலேயே எழுதுகிறேன்.

முதலில் பிழை. phone INT என்று போட்டிருந்தாய், நான் பார்த்தேன், விட்டுவிட்டேன். கமாவைத் தேடிய கண்ணுக்கு அது தெரியவில்லை. INT என்பது ஒரு படி என்று வைத்துக்கொள். அதன் கொள்ளளவு அந்த எண்தான், 2147483647. நம் போன் நம்பர் ஒவ்வொன்றும் மரக்கால் அளவு. மரக்கால் தானியத்தைப் படியில் கொட்டினால் வழிந்தது போக ஒரு படிதான் நிற்கும். யாருடைய நம்பரைக் கொட்டினாலும் அதே ஒரு படி. புதிய பதிப்பாக இருந்தால் கொள்ளாது என்று கத்தியிருக்கும். அண்ணாச்சி கடையில் இருப்பது பழசு, கத்தாமல் விழுங்கிவிட்டது. phone VARCHAR(15) என்று மாற்று. போன் நம்பரைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, எழுத்தாகவே இருக்கட்டும்.

இதனால் எனக்கு ஒன்று தோன்றியது. சின்டாக்ஸ் எரர் நல்லது, காளி. மூஞ்சிக்கு நேராகக் கத்திவிடும். நீ என்னை ப்ளாக் பண்ணியது சின்டாக்ஸ் எரர். சிரித்துப் பேசிக்கொண்டே கோபத்தை உள்ளே வைத்திருந்தாயானால் இன்றைக்கு நீ எனக்கு எழுதியிருக்கவே மாட்டாய்.

இனி அந்த மத்தியானம் நடந்ததைக் கேள். பி நெகட்டிவ் ஆட்களுக்கு வரிசையாகப் போட்டேன். ஒருவர் கேரளாவில். ஒருவருக்குச் சர்க்கரை. வீரசோழன் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் செய்யது இபுராகிம் என்று ஒருவர், அவர் போன் அணைந்து கிடந்தது. அடுத்து ஒரு இருளப்பசாமி. ஊரைக்கூடப் பார்க்காமல் அடித்தேன். எடுத்தது எங்கள் லாரி இருளப்பண்ணன். மதுரையில் ஒரு பிள்ளைக்கு இன்றைக்கே பி நெகட்டிவ் வேண்டும் என்றேன்.

"யாரு, நம்ம முனியா? ஏத்தா, காளி பிள்ளைக்குத்தான கேக்குற? நான் போன மாசந்தான் குடுத்தேன். இப்பப் போய் நின்னா எடுக்க மாட்டாக."

"காளியை உனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றேன்.

"நாலஞ்சு தடவ குடுத்திருக்கேன்ல. உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் பேச்சு வார்த்தை இல்லன்னு தெரியும். ரெண்டு பொம்பளப் பிள்ளைக சண்டைக்கு நடுவுல நான் ஏன் வாயத் தொறக்கணும்? சரி, அத விடு. இபுராகிம் பாய் போனு எந்நேரமும் செத்துத்தான் கெடக்கும். கடைக்கு நேராப் போயி ஆளத் தூக்கிட்டு வாரேன். அவுக வருவாக."

அப்படித்தான் பைக்கில் உட்காரவைத்து மதுரைக்கே கொண்டுவந்து சேர்த்தார். நீ என்னோடு பேசாமல் இருந்த காலத்தில் என் வீட்டு ரத்தம் உன் பிள்ளை உடம்பில் ஓடியிருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது. அண்ணனை நினைத்தால் ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் காலில் விழலாம் போல இருக்கிறது.

உனக்கும் தெரியும்தானே? நீயும் சொல்லவில்லை.

முனி

அருப்புக்கோட்டை
15 ஜூலை 2025

முனி,

தெரியும். முதல் தடவை ரத்தம் கொடுத்துவிட்டுப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, "நான் முனீஸ்வரிக்கு அண்ணன். அவகிட்டச் சொல்லிறாத தாயி, சண்டை முடியட்டும்" என்றார். உன் மேல் கோபமாக இருந்தவள், உன் அண்ணனைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அன்றைக்கே ப்ளாக்கை எடுத்திருக்க வேண்டும். வீம்பு விடவில்லை.

வீரசோழன் பாய் நோன்புப் பெருநாள் தொழுகைக்குக் கிளம்பிய மாதிரி வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. வேலை நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். "சாப்பிடுங்க பாய்" என்றால், "பிள்ளை சாப்புட்டாளா, அதச் சொல்லுங்க" என்கிறார். போகும்போது மித்து தலையில் கை வைத்து ஏதோ ஓதினார். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மனுக்கு ஒரு விளக்கு, பாய்க்கு ஒரு விளக்கு என்று இரண்டாகப் போட்டார். இந்தத் தடவை பரிகாரத்துக்கு இல்லை, நன்றிக்கு.

phone காலத்தை மாற்றினேன். நீ அனுப்பிய ஷீட்டிலிருந்து நம்பர்களை மறுபடி ஏற்றினேன். ஒவ்வொரு நம்பரையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். பழையதை அழிக்கவில்லை, இனி எதையும் அழிக்க மாட்டேன்.

நீ ஒரு விஷயம் சொன்னாயே, அது காட்டும் இடத்தில் தப்பு இல்லையென்றால் முந்தின வரியைப் பார் என்று. அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ அன்றைக்குப் போனில் கேட்ட வரியில் தப்பு இல்லை, முனி. நீ கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தை, "எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்ல, உன் பக்கத்து ரத்தந்தான்" என்று சொல்லியிருந்தார். என் அப்பாவின் கூடப் பிறந்த அக்கா அவர்! எந்தப் பக்கத்தைச் சொல்கிறார்? அதை அவரிடம் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்து வந்த உன் மேல் தடுக்கி விழுந்தேன். எரர் உன் வரியில் காட்டியது, பிழை அதற்கு மேலே இருந்தது.

உன் வீட்டுக்கும் உனக்கும் என் பிள்ளை கடன்பட்டிருக்கிறாள் என்று எழுத வந்தேன். கடன் என்றால் அடைத்துவிட்டுப் போய்விடலாம். இது அடைபடுகிற வகை இல்லை.

இன்னொரு டேபிள் போடப் போகிறேன். எதற்கென்று இப்போது கேட்காதே.

காளி

சென்னை
16 ஜூலை 2025

காளி,

கேட்கவில்லை. ஆனால் காலங்களை எனக்கு அனுப்பிவிட்டு ஓட்டு. இந்தத் தடவை கமாவை மட்டும் பார்க்க மாட்டேன், ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பேன்.

உன் வரியை இரண்டு தடவை படித்தேன். மூன்று வருஷமாக நான் சொன்னது சரிதானே என்று எனக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். சரியாக இருந்து என்ன பிரயோஜனம், ஆள் இல்லையே. இப்போது ஆள் இருக்கிறாய். அது போதும் எனக்கு.

அண்ணனுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன். "லூசு, ஒரு பாட்டில் ரத்தத்துக்கு எதுக்குத்தா இம்புட்டுப் பேச்சு" என்று வைத்துவிட்டார்.

முனி

அருப்புக்கோட்டை
6 அக்டோபர் 2025

முனி,

நீ திருத்திக் கொடுத்த இரண்டாவது டேபிள் நேற்று வேலைக்கு வந்தது. எதற்கென்று காலங்களைப் பார்த்தபோதே நீ கண்டுபிடித்திருப்பாய், வாயைத் திறக்காமல் இருந்தாய். அதற்கும் நன்றி.

எங்கள் அம்மன் கோவில் மண்டபத்தில், கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தலசீமியா பரிசோதனை முகாம். அண்ணாச்சி குழுதான் ஏற்பாடு, வருகிறவர்களின் விவரமும் முடிவும் அந்த டேபிளில். பெரியவர்கள் முதலில், "நல்ல காரியம் நடக்குற எடத்துல நோயப் பத்தியா பேசுறது?" என்று இழுத்தார்கள். மைக்கைக் கையில் வாங்கினேன். என்ன பேசுவது என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "சொந்தத்துல கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கிருங்க." நீ சொன்ன வரி. கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னேன். மித்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்தபிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆனால் யாரும் எழுந்தும் வரவில்லை. முதல் ஆளாக எழுந்தவர் யார் தெரியுமா? அத்தை. தன் சின்ன மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவளைத் தை மாதம் என் தம்பிக்குக் கட்டுவதாகப் பேச்சு. "எங்க வீட்டுப் பிள்ளைக்கு முதல்ல எடுங்க. எங்க பக்கமும் இருக்கும்" என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு வரிசை மண்டபத்து வாசல் வரை நின்றது.

முடிவு இன்றைக்கு வந்தது. கவரை நானே பிரித்தேன். தம்பிக்கு இருக்கிறது, என்னைப் போல நோய் இல்லாமல் அந்தக் குறையை மட்டும் ரத்தத்தில் சுமக்கிறான். அவளுக்கு இல்லை. ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு இந்த நோய் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணம் உண்டு. பத்திரிகை வைக்க நானே சென்னைக்கு வாரேன். உன் அண்ணனுக்கு முதல் பத்திரிகை, வீரசோழன் பாய்க்கு இரண்டாவது.

மித்துவுக்கு அடுத்த முறை வியாழக்கிழமை. டேபிளில் மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள், மூன்று பேரும் போனை எடுத்தார்கள்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போது அத்தை பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். "ஏம்மா, இப்பக் காலம் சரியாயிருச்சா?" என்று கேட்டார்.

"எல்லாக் காலமும் சரியாயிருச்சு அத்தை" என்றேன்.

கடைசி வரிக்குக் கமா இல்லை என்று நீ சொன்னதை மறக்கவில்லை. டேபிளில் போட மாட்டேன். இது கடிதம், இதில் நான் சொல்வதுதான் சட்டம்.

என்றும் உன்,
காளி,